சாம்பல் குளத்துக் கரையை யார் பார்ப்பது?

2008 டிசம்பர் 22. நள்ளிரவு தாண்டி ஒரு மணி இருக்கும். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிங்ஸ்டன் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளக் கரை உடைந்தது. சுமார் 41 லட்சம் கன மீட்டர் ஈரச் சாம்பல் எமரி ஆற்றுக்குள் சரிந்து, ஏறத்தாழ 300 ஏக்கரை மூடியது. ஒரு வீடு அஸ்திவாரத்தை விட்டே தள்ளப்பட்டது. அன்றிரவு யாரும் சாகவில்லை. துப்புரவுப் பணி 2015 வரை நீண்டு, 100 கோடி டாலருக்கு மேல் விழுங்கியது. அந்தச் சாம்பலை அள்ளிய தொழிலாளர்களில் பலர் பின்னாளில் நோயுற்று நீதிமன்றம் போனார்கள்.

கரை உடைந்ததற்குக் காரணம் கட்டிய முறையிலேயே இருந்தது. நிலக்கரி எரிந்த பிறகு மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியே மண் கரை போட்ட குளத்தில் விடுவார்கள். சாம்பல் அடியில் படியும், தெளிந்த நீர் வெளியேறும். நம் ஊர் ஏரி மழைக்கு நிரம்பிக் கோடையில் வற்றும். கரைக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். சாம்பல் குளத்துக்கு அந்த ஓய்வு இல்லை, ஆண்டுக்கு ஆண்டு பாரம் ஏறிக்கொண்டே போகும். குளம் நிரம்பினால் கரையை உயர்த்துவார்கள். கிங்ஸ்டனில் புதுக் கரைகளைப் பழைய கரைக்கு உட்புறமாக, ஏற்கெனவே படிந்திருந்த சாம்பலின் மேலேயே அடுக்கினார்கள். மேடு சுமார் 60 அடி உயர்ந்தது. அதன் அடியில், மிக நுண்ணிய சாம்பலும் சேறும் கலந்த மெல்லிய வழவழப்பான படிவம் ஒன்று இருந்ததைப் பிறகு நடந்த பொறியியல் ஆய்வு கண்டுபிடித்தது. அந்த வலுவற்ற அடித்தளத்தின் மேல் ஈரச் சாம்பலின் பாரம் ஏற ஏற, ஒரு கட்டத்தில் எல்லாம் வழுக்கிவிட்டது. தண்ணீர் ஊறிய தளர்ந்த சாம்பல் அப்படித்தான்: கெட்டியாகத் தெரியும், நிலை குலைந்தால் குழம்பாக ஓடும்.

மண் கரை உடைய வேறு வழிகளும் உண்டு. தண்ணீர் முகட்டைத் தாண்டி வழிந்தால் சில மணி நேரத்தில் கரை அறுந்துவிடும். அதைவிட நயவஞ்சகமானது கசிவு. கரையின் வெளிச்சரிவு மண்ணில் இறங்கும் இடத்தில்தான் அதைத் தேட வேண்டும். சுற்றிலும் காய்ந்திருக்க ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக இருக்கிறதா? கால் வைத்தால் மண் புதைகிறதா? தண்ணீர் கசிந்தால், ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்ப்பது நல்லது. தெளிவாக இருந்தால் அளவைக் குறித்துக்கொண்டு கண்காணிக்கலாம். கலங்கலாக இருந்தால், கரை உள்ளிருந்து அரிக்கப்படுகிறது என்று பொருள். அன்றைக்கே பொறியாளர் வர வேண்டும். முகட்டில் நீளவாக்கில் விரிசல், சரிவில் புடைப்பு, மரங்களின் வேர், எலி வளை எல்லாமே பதிவேட்டில் ஏற வேண்டியவை. கரைக்குள் நீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதற்குத்தான் பீசோமீட்டர் என்ற அளவுக் குழாய்களை இறக்குகிறார்கள்.

கிங்ஸ்டனில் இப்படிப்பட்ட எச்சரிக்கை வராமல் இல்லை. 2003-லும் 2006-லும் கரையில் கசிவு ஏற்பட்டது. ஆண்டுதோறும் ஆய்வும் நடந்தது. ஆனால் மின் நிலையத்தை நடத்திய டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம், தன் நீர்த்தேக்கங்களுக்கு வைத்திருந்த அணைப் பாதுகாப்புத் திட்டத்தில் இந்தக் குளத்தைச் சேர்க்கவில்லை. மாநில அரசும் திடக்கழிவுக் கிடங்கு என்றுதான் உரிமம் கொடுத்திருந்தது. சாம்பலை ஆபத்தாகப் பார்க்காமல் குப்பையாகப் பார்த்தார்கள் என்று ஆணையத்தின் சொந்தத் தணிக்கைப் பிரிவே பின்னர் எழுதியது. என் பார்வையில் முதல் தவறு இதுதான். குப்பை மேடு என்று பெயர் வைத்துவிட்டால், அணைக்குக் கேட்கும் கேள்விகளை யாரும் கேட்பதில்லை.

இத்தனைக்கும் அமெரிக்காவுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1972 பிப்ரவரி 26 அன்று மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக்கில் நிலக்கரிக் கழிவால் எழுப்பிய கரை உடைந்து 125 பேர் மாண்டார்கள். நான்கு நாள் முன்புதான் ஓர் ஆய்வாளர் அதைப் பார்த்துத் திருப்தி என்று சொல்லியிருந்தார். அதன்பிறகு சுரங்கக் கழிவுக் குளங்களுக்கு ஏழு நாளுக்கு ஒருமுறை ஆய்வு கட்டாயமானது. ஆனால் அதே நிலக்கரி மின் நிலையத்துக்குப் போய்ச் சாம்பலானால், அந்த விதி அதைத் தொடரவில்லை. சாம்பல் குளங்களுக்கான மத்திய விதி 2015-இல்தான் வந்தது. வாரந்தோறும் ஆய்வு, ஆண்டுக்கு ஒருமுறை தகுதி பெற்ற பொறியாளரின் ஆய்வு, உடைந்தால் பெரும் சேதம் விளைவிக்கும் குளங்களுக்கு அவசரகாலத் திட்டம் எல்லாம் அதில் அடங்கும். அறிக்கைகளை இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி வெளியிடவும் வேண்டும். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி விதிதான். கரைக்குக் கீழே குடியிருப்பவர்களைவிட அக்கறையாக அதைப் படிப்பவர் யார்?

நம் நாட்டிலும் இப்படிக் கரை உடைவது நடக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலியில் 2019 ஆகஸ்ட் முதல் 2020 ஏப்ரல் வரை மூன்று சாம்பல் குளக் கரைகள் உடைந்தன. மூன்றாவதில் 6 பேர் இறந்தார்கள். எண்ணூர் பக்கம் செப்பாக்கத்தை ஒட்டியே வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளம் இருக்கிறது.

உங்கள் ஊருக்கு மேலே இப்படி ஒரு குளம் இருந்தால், கடைசியாகக் கரையை ஆய்வு செய்த பொறியாளர் யார், அவர் அந்த ஆலையின் ஊழியரா வெளியாளா, உடைந்தால் தண்ணீர் எந்தத் தெருவரை வரும் என்ற மூன்றையும் கிராமசபையில் எழுத்துமூலம் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கரையடியில் கலங்கல் நீரைக் கண்டால் மட்டும் மனு, பதில் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆட்சியர் அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, தாழ்வில் இருப்பவர்களை மேட்டுக்கு அனுப்புங்கள்.