காசாகிப் போகும் லீவு

அண்ணன் மகள் பெரியவளானபோது எடுத்த படத்தைத் தன் செல்போனில் காட்டினார் அந்தப் பெண். அத்தை முறைக்குச் சீர்த்தட்டை ஏந்தி நிற்கிறார். பட்டுச்சேலை, மல்லிகைச் சரம், அதற்கு மேலே தலைமுடியில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. நைட் ஷிப்ட் முடித்து மில்லிலிருந்து நேராக மண்டபத்துக்கு வந்தவர். சீர் முடிந்ததும் சாப்பிட்டுவிட்டு, அன்றிரவே மறுபடி வேலைக்குப் போய்விட்டார்.

கோவைக்குக் கிழக்கே ஒரு நூற்பாலையில் 19 வருடமாக ரிங் பிரேம் என்ற நூற்பு மெஷினில் சைடு பார்க்கிறார். போன வருடம் அவர் வேலை செய்தது 300 நாள். இருபது நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் 15 நாள் சம்பளத்தோடு லீவு சேர்ந்திருக்கிறது. அதில் ஒன்றைக்கூட அவர் எடுக்கவில்லை. "லீவு இருக்குதுன்னு சம்பளச் சீட்டுல போட்டிருக்குதுங்க. கேட்டாத்தான் இல்ல" என்றார்.

கேட்டுக் கிடைத்தாலும் இழப்புதான். மாதம் முழுக்க வந்தால்தான் அட்டெண்டன்ஸ் காசு. ஒரு நாள் இந்த லீவைப் போட்டாலும் அது மொத்தமாகப் போய்விடும். அன்றைய சம்பளத்தை ஒரு கையில் கொடுத்துவிட்டு, அதைவிடப் பெரிய தொகையை மறு கையால் பிடுங்கிக்கொண்டால் அதற்குச் சம்பளத்தோடு லீவு என்று எப்படிப் பெயர் வைப்பது?

இந்த லீவு கிடைக்க 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வருடத்துக்கு 240 நாள் வேலை கேட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 180 ஆக்கியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அதே தொகுப்பு, ஆண்டு முடிவில் தொழிலாளி கேட்டால் மீதி லீவுக்குக் காசு தரவேண்டும் என்றும் சொல்கிறது. என் கவலையெல்லாம் இதில்தான். பழைய சட்டம் வேலையை விட்டாலோ, நீக்கப்பட்டாலோ, ஓய்வு பெற்றாலோ, இறந்தாலோதான் லீவைக் காசாக்கச் சொன்னது. வழக்கத்தில் மில்கள் முன்பே வருடா வருடம் கணக்கு முடித்துக் கொடுத்துவந்தன. இப்போது சட்டமே கதவைத் திறந்துவிட்டது. இனி ஓய்வு கேட்பவரிடம், 'காசா வாங்கிக்கலாமே' என்ற பதில் இன்னும் சுலபமாக வரும். ஸ்கூல் பீஸுக்கு அந்தப் பணம் உதவும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆள் குறைந்தால் மெஷின் நிற்கும் என்பது மில் தரப்பின் வாதம். எட்டு மணி நேரம் நின்றபடி அறுந்த இழையை இணைத்துக்கொண்டிருக்கும் கால்களுக்கு இரண்டுமே பதில் இல்லை.

பலருக்குத் தெரியாத ஒரு விதியும் இருக்கிறது. எடுக்காத லீவு 30 நாள் வரைதான் அடுத்த வருடத்துக்குப் போகும். ஆனால் முறைப்படி கேட்டும் மறுக்கப்பட்ட லீவுக்கு அந்த வரம்பு கிடையாது. எத்தனை நாளானாலும் சேரும். பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இங்கே லீவு கேட்பது மெஷின் இரைச்சலுக்கு நடுவே, மேஸ்திரியின் காதருகில். "ஆள் இல்லக்கா, அடுத்த வாரம் பாக்கலாம்" என்ற பதிலோடு முடிந்துபோகிறது. கேட்டதற்கும் தாள் இல்லை, மறுத்ததற்கும் தாள் இல்லை.

அடுத்த முறை எழுதிக் கொடுங்கள், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். போனை முந்தானையில் துடைத்தபடி கேட்டார்: "குடுக்கறனுங்க. வாங்கிட்டோம்னு யாருங்க கையெழுத்துப் போடுவாங்க?"