புள்ளியியல் சேர்க்கை: பணம் கட்டும் முன் வடசென்னை வீடுகள் பார்க்க வேண்டியவை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை படிந்தது. வலை, படகு, வீட்டுச் சுவர் எதையும் விடவில்லை. அரசு நிவாரணம் அறிவித்தது: 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. கூட்டினால் 8 கோடியே 68 லட்சத்துச் சொச்சம். கூட்டல் சரிதான். தகராறு எப்போதும் கூட்டலுக்கு முன்னால் இருக்கிறது. ஒரே ரேஷன் கார்டில் அப்பாவும், கல்யாணமாகித் தனி உலை வைக்கும் இரண்டு மகன்களும் இருந்தால் அது ஒரு குடும்பமா, மூன்றா? சொந்தப் படகில்லாமல் கூலிக்குக் கடலுக்குப் போகிறவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? கூடையில் மீன் விற்கும் அம்மாவை?

இந்தக் கேள்விகளை முறையாகக் கேட்கப் பழக்குகிற பட்டப்படிப்பு ஒன்று உண்டு: பி.எஸ்சி. புள்ளியியல். நம் பக்கத்தில் பலர் இதை விரும்பி எடுப்பதில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை, பி.காம். நிரம்பிவிட்டது, மிச்சமிருந்தது இது என்று சேருகிறார்கள். என்னைக் கேட்டால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டிய படிப்புகளில் ஒன்று இது. ஏன் என்பதற்குக் காற்றை எடுத்துக்கொள்வோம். கந்தக டை ஆக்சைடுக்கு 24 மணி நேரச் சராசரி வரம்பு ஒரு கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம். ஒரு கற்பனைக் கணக்கு: 23 மணி நேரம் அளவு 30-ஆக இருக்கிறது, நள்ளிரவில் ஒரு மணி நேரம் மட்டும் 700-க்கு எகிறுகிறது. நாள் சராசரி 58-ஐக்கூடத் தொடாது. அறிக்கையில் 'வரம்புக்குள்' என்று வரும். அந்த ஒரு மணி நேரத்தில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்த குழந்தை அந்த அறிக்கையில் இல்லை. 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது ஊரே எழுந்து ஓடியது. அப்படிப்பட்ட இரவுகளைச் சராசரியை மட்டும் வைத்துப் படிக்க முடியாது. சராசரி எதை மறைக்கிறது, உச்ச அளவை எப்படிப் பார்ப்பது, கருவி ஓடாத நாட்களை என்ன செய்வது என்பதெல்லாம் இந்தப் படிப்பின் அன்றாடப் பாடம்.

ஆலைக்குள்ளும் இதற்கு இடமுண்டு. டயர், மோட்டார் சைக்கிள், லாரி என்று தயாரிப்புத் தொழில் நிறைந்த வட்டாரம் இது. புள்ளியியலில் வரும் தரக் கட்டுப்பாட்டுத் தாளின் அடிப்படையான கட்டுப்பாட்டு வரைபடம், 1924-இல் ஷூவார்ட் என்பவர் தொழிற்சாலைக்காகவே வரைந்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். பள்ளியில் பார்த்த பட்டை வரைபடமும் சராசரியும் மட்டுமே இது என்று நினைத்துச் சேர்ந்தால் முதலாண்டே அரியர் விழும். நிகழ்தகவு, பரவல்கள், மதிப்பீடு, கருதுகோள் சோதனை, மாதிரியெடுப்பு எல்லாம் நுண்கணிதத்தின் மேல்தான் நிற்கின்றன. பிளஸ் டூவில் கணிதம் படிக்காமல் வணிகக் கணிதம் மட்டும் படித்தவர்கள், தங்களுக்குத் தகுதி உண்டா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கல்லூரியில் கேட்டுவிடுங்கள்.

எங்கே படிக்கலாம்? சேப்பாக்கம் மாநிலக் கல்லூரி, லயோலா, தாம்பரம் கிறித்துவக் கல்லூரி ஆகியவற்றில் புள்ளியியல் துறைகள் நெடுங்காலமாக இருக்கின்றன. எண்ணூரிலிருந்து புறநகர் ரயிலில் வந்து, கடற்கரையில் வேளச்சேரி வண்டிக்கு மாறினால் சேப்பாக்கத்தில் இறங்கலாம். அரசுக் கல்லூரிகளுக்கான இணையதளச் சேர்க்கையில் விண்ணப்பச் செலவு கடந்த சில ஆண்டுகளாக 50 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 2 ரூபாய்தான். இதற்கு பிரவுசிங் சென்டரில் நூற்றுக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். அரசுக் கல்லூரிகளிலேயே உதவி மையம் வைக்கிறார்கள்.

பெரிய ஆபத்து பட்டத்தின் பெயரில் இருக்கிறது. அரசு வேலைதான் குறி என்றால் இதை இரண்டு முறை படியுங்கள். பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.) நடத்தும் பட்டதாரித் தேர்வில் இரண்டாம் நிலைப் புள்ளியியல் புலனாய்வாளர் பணிக்கு, பட்டப்படிப்பின் மூன்று ஆண்டுகளிலும், அதாவது ஆறு பருவங்களிலும், புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். பி.எஸ்சி. கணிதத்திலும் பி.காமிலும் துணைப்பாடமாகப் புள்ளியியல் வரும். ஒன்றிரண்டு பருவங்களோடு முடிந்துவிடும். 'எங்கள் கோர்ஸிலும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருக்கிறது' என்று சேர்க்கை மேசையில் சொல்வது பொய்யில்லை. ஆனால் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் அது போதாது. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு, பட்டத்தில் புள்ளியியலோ கணிதப் புள்ளியியலோ பயன்பாட்டுப் புள்ளியியலோ ஒரு பாடமாக இருக்க வேண்டும் என்கிறது. டி.என்.பி.எஸ்.சி.யின் உதவிப் புள்ளியியல் ஆய்வாளர் போன்ற பணிகளுக்கும் அறிவிக்கையில் கேட்கப்பட்ட படிப்பு இருக்க வேண்டும்.

இப்போது தெருவுக்குத் தெரு 'டேட்டா சயின்ஸ்', 'அனலிட்டிக்ஸ்' என்று பெயர் வைத்த பட்டங்கள் முளைத்திருக்கின்றன. எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. சிலவற்றில் பாடத்திட்டம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பட்டத்தின் பெயர் மாறினால், அறிவிக்கை கேட்கும் பட்டத்துக்கு இது இணையானதா என்ற கேள்வி எழும். அதற்கு உயர்கல்வித் துறையின் இணைத்தன்மை அரசாணை வேண்டும். சேரும் முன் ஆறு பருவப் பாடத்திட்டத்தையும் வாங்கி, ஒவ்வொரு பருவத்திலும் புள்ளியியல் என்ற பெயரில் தாள் இருக்கிறதா என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். இணைத்தன்மை ஆணை இருக்கிறது என்று சொன்னால் அதன் எண்ணையும் தேதியையும் கேளுங்கள். 'வரும், வாங்கிடுவோம்' என்பது பதில் அல்ல.

பயிற்று மொழியும் சேரும்போதே முடிவாகிவிடும் விஷயம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. 2020-இல் வந்த திருத்தத்தின்படி, அந்தப் பணிக்குரிய கல்வித் தகுதி வரை ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பள்ளி முழுக்கத் தமிழ் வழியில் படித்த பிள்ளை ஆங்கில வழிப் பட்டத்தில் சேர்ந்தால், பட்டத் தகுதியுள்ள பணிகளில் அந்த ஒதுக்கீட்டை இழந்துவிடும். தனியார் வேலைக்கு ஆங்கில வழி கைகொடுக்கும் என்பதும் உண்மை. எது வேண்டும் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். காலியிடம் எந்தப் பிரிவில் இருந்தது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பணத்துக்கு வருவோம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் தொடங்கியதே வடசென்னையில்தான்: 2022 செப்டம்பர் 5, பாரதி மகளிர் கல்லூரி. பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இவை தெரிந்தவை. அதிகம் பேசப்படாதது சென்னைப் பல்கலைக்கழகத்தின் இலவசக் கல்வித் திட்டம். பல்கலைக்கழகத்தோடு இணைந்த உதவிபெறும் கல்லூரிகளிலும் சுயநிதிக் கல்லூரிகளிலும் ஏழை மாணவர்களுக்கு இடம் உண்டு. தாய் தந்தை இல்லாதவர்கள், கைம்பெண்களின் பிள்ளைகள், முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை. பிளஸ் டூ முடிவு வந்த சில நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே போட்டு வையுங்கள். முடிவு வந்த வாரத்தில் தாலுகா ஆபீஸில் நிற்கும் வரிசையை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஒரு கல்லூரியில் பணம் கட்டிய பிறகு மாநிலக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது. இது ஆண்டுதோறும் நடப்பது. 'டி.சி. தர மாட்டோம், கட்டின பணம் கட்டினதுதான்' என்றால் பயப்படாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கையின்படி அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்து உடனே திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ள உரிமையில்லை. அதே அறிவிக்கையின்படி, அறிவிக்கப்பட்ட சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பதினைந்து நாட்களோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். செயலாக்கக் கட்டணமாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். அதற்குப் பிறகு, கடைசி நாள் வரை 90 சதவீதம், கடைசி நாள் கடந்த பதினைந்து நாட்களுக்குள் 80, முப்பது நாட்களுக்குள் 50. அதன் பிறகு ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் யு.ஜி.சி. இதைவிடத் தாராளமான தேதிகளைத் தனியாக அறிவிக்கும், அதையும் பாருங்கள். பணம் கேட்டு எழுத்தில் கொடுத்த பதினைந்து நாட்களுக்குள் தர வேண்டும்.

எழுத்தில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெள்ளைத்தாள் போதும்: பெயர், விண்ணப்ப எண், கட்டிய தேதி, ரசீது எண், 'இன்றைய தேதியில் சேர்க்கையிலிருந்து விலகுகிறேன், கட்டணத்தையும் அசல் சான்றிதழ்களையும் திருப்பித் தரவும்' என்று ஒரு வரி. நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ஒப்புகைச் சீட்டோடு. நன்கொடை என்று கேட்டால், அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992-இலேயே சட்டம் வந்துவிட்டது. ரசீதில்லாத பணம் எதையும் கொடுக்காதீர்கள், கொடுத்ததைப் பிறகு நிரூபிக்க முடியாது.

கல்லூரி அசையவில்லை என்றால் அடுத்த படி, 2023-இன் மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகள். ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். பதினைந்து வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தியில்லை என்றால் பதினைந்து நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். கட்டணம், பாடங்கள், ஆசிரியர்கள் பற்றி விளக்கக் கையேட்டில் சொன்னதற்கு மாறாக நடந்தாலும் இதே வழிதான். ஆகவே சேரும் நாளிலேயே அந்தக் கையேட்டையும் இணையப் பக்கத்தையும் போனில் எடுத்து வையுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் பக்கம் அங்கே இருக்காது.

கல்லூரிக்கு வெளியே இன்னொரு வலை விரிந்திருக்கிறது. 'நூறு சதவீத வேலை' என்று சொல்லி டேட்டா சயின்ஸ் பயிற்சிக்கு லட்சக்கணக்கில் வாங்குகிற நிறுவனங்கள், மாதத் தவணை என்ற பெயரில் பிள்ளையின் போனிலேயே கடன் ஒப்பந்தத்துக்கு ஓ.டி.பி. வாங்கிவிடுகின்றன. பயிற்சியைப் பாதியில் விட்டாலும் கடன் ஓடிக்கொண்டிருக்கும். டிஜிட்டல் கடன் என்றால் ரிசர்வ் வங்கி விதிப்படி தொடக்கத்தில் ஒரு விலகல் காலம் உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டி முதலான செலவையும் கட்டி வெளியேறலாம், அபராதம் கிடையாது. பயிற்சி நிறுவனங்களின் பொய் விளம்பரத்துக்கு எதிராக 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. வேலை உத்தரவாதம் என்று அளப்பது அதில் வரும். புகாருக்கு 1915. கல்லூரிகள் மீதான வழக்கை நுகர்வோர் நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை, பயிற்சி மையங்கள் மீதானதை ஏற்கின்றன. இந்த வித்தியாசம் நினைவிலிருக்கட்டும். அந்த லட்சங்களுக்குச் சொல்லித் தரும் 'ஆர்' (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசமானது, பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

கடைசியாக மதிப்பெண். நன்றாக எழுதியும் அரியர் விழுந்திருந்தால், திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தேர்வெழுதியவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்திருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி நகல் கேட்கலாம். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அந்தக் கல்லூரியிடம், இல்லையென்றால் பல்கலைக்கழகத்திடம். பதில் வர முப்பது நாள் ஆகலாம். மறுமதிப்பீட்டுக்கான கடைசி நாளோ முடிவு வந்த சில நாட்களிலேயே போய்விடும். அதனால் இரண்டு விண்ணப்பத்தையும் ஒரே நாளில் போட்டுவிடுங்கள்.