முதுகுப்பை வாங்குமுன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள்

இரண்டு சீசனுக்கு முன்பு புறக்கோட்டையில் மொத்தக் கடையொன்றில் நான்கு டசின் முதுகுப்பைகளை வாங்கி வந்தேன். ஒன்று 1,650 ரூபா. பார்வைக்கு நல்ல கனமான துணி, முன்னால் ஒரு வெளிநாட்டு மார்க், நான்கு சிப், இரண்டு பக்கமும் தண்ணீர்ப் போத்தல் வைக்க வலை. கடையில் 2,600 ரூபாவுக்குத் தொங்கவிட்டேன். டிசம்பர் உந்துவப் போயாவுடன் பாவா ஆதம் மலை சீசன் தொடங்கிவிட்டால், மே மாதம் வெசாக் போயா வரைக்கும் எங்கள் பக்கத்தில் பைக்குக் கிராக்கிதான். பொல்பிட்டியவில் இருந்து லக்ஷபான, நோட்டன் பிரிட்ஜ் வழியாக மஸ்கெலியாவுக்கு ஏறுகிறவர்கள் கடையில் பிஸ்கட்டும் டோர்ச்சும் வாங்கும்போது பையையும் பார்ப்பார்கள். மூன்று வாரத்தில் 17 பை போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ், நல்ல சரக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தோட்டத்துத் தம்பி ஒருவர் வந்தார். பையை மேசையில் வைத்தார். வலது தோள்பட்டி அடியோடு கழன்று கிடந்தது. "நானா, நான் ஒன்னும் காசு கேக்க வரல. இத கொஞ்சம் பாருங்க" என்றார். நல்லதண்ணியில் இருந்து மலை ஏறும்போது பாதி வழியில் பட்டி அறுந்திருக்கிறது. பையில் இருந்தது பிள்ளையின் உடுப்பும் ஒரு பால்மாப் போத்தலும் தாயின் மருந்தும். இரவு, குளிர், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் பாதி இன்னும் பாக்கி. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பை என்று ஏறி இறங்கியிருக்கிறார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் பையை வீட்டுக்குக் கொண்டுபோய் பிளேடால் பிரித்துப் பார்த்தேன். முப்பது வருடமாக வியாபாரம் செய்கிறவன், விற்கும் பையின் உள்பக்கத்தைப் பார்த்தது அன்றுதான். அன்று கண்டதையும், பிறகு விசாரித்து அறிந்ததையும் எழுதுகிறேன். பை விற்பவர்களுக்கும் உதவும். கொழும்புக்கு சாமான் எடுக்கப் போகும் நம் வியாபாரிகள் பலரும் காசையும் பில்லையும் முதுகில்தான் சுமக்கிறார்கள், அவர்களுக்கும் உதவும்.

முதலில் அறுந்த இடம். தோள்பட்டியின் மேல்நுனி பையின் முதுகுத் துணிக்குள் அரை சென்ரிமீற்றர்கூட நுழைந்திருக்கவில்லை. ஒரே ஒரு ஓட்டுத் தையல். நல்ல பையில் பட்டியின் நுனி இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உள்ளே போய், அதன்மேல் சதுரமாகத் தைத்து நடுவில் குறுக்காகவும் தைத்திருப்பார்கள். அல்லது ஒரே இடத்தில் நெருக்கமாகப் பல தடவை ஓடிய தடித்த கோடு ஒன்று இருக்கும். கார்மென்டில் வேலை செய்த பிள்ளைகளைக் கேளுங்கள், அதைத்தான் 'பார்டெக்' என்பார்கள். பையின் பாரம் முழுவதும் தோள்பட்டியின் மேல்நுனி இரண்டு, கீழ்நுனி இரண்டு, கைப்பிடி என்று நான்கைந்து இடங்களில்தான் தொங்குகிறது. துணி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் இந்த இடங்கள் பலவீனமாக இருந்தால் பை அங்கேதான் போகும்.

அடுத்து உள்விளிம்பு. சிப்பைத் திறந்து பையை உள்வெளியாகத் திருப்பினால் இரண்டு துணி சேரும் இடம் தெரியும். மலிவுப் பைகளில் துணியை மிச்சம் பிடிப்பதற்காக விளிம்பில் மூன்று நான்கு மில்லிமீற்றர் மட்டுமே விட்டிருப்பார்கள். பாரம் ஏறும்போது நூல் அறுவதில்லை, துணியின் இழை தையலை விட்டு உருவிக்கொண்டு வந்துவிடும். ஒரு சென்ரிமீற்றர் விட்டு, அதன்மேல் நாடா வைத்து மூடித் தைத்திருந்தால் அது கவனமாகச் செய்த பை. தையல் மிக நெருக்கமாக இருந்தால் உறுதி என்று நினைப்பதும் தவறு. முத்திரை கிழிப்பதற்குத் துளை போட்டிருப்பதைப் போல ஊசித் துளைகளே துணியைக் கிழிக்க வழி செய்துவிடும்.

இனி துணி. பையில் தொங்கும் அட்டையில் 600D, 1000D என்று எழுதியிருக்கும். இது டெனியர் என்ற நூல் கணக்கு. 9,000 மீற்றர் நீளமான நூலின் நிறை எத்தனை கிராமோ, அதுதான் அந்த நூலின் டெனியர். ஆகவே 600 என்றால் 420 ஐ விடத் தடித்த நூல், அவ்வளவுதான். இலக்கம் கூடினால் பை கூட நாள் உழைக்கும் என்று நானும் ஆட்களுக்குச் சொல்லி விற்றிருக்கிறேன். அது முழு உண்மை அல்ல. 600 டெனியர் பொலியெஸ்டரை விட 420 டெனியர் நல்ல நைலோன் மெல்லியது, ஆனால் உராய்வுக்கும் கிழிசலுக்கும் பெரும்பாலும் அதுவே நன்றாகத் தாக்குப்பிடிக்கும். கோர்டுரா என்ற பெயரில் பேர்பெற்றதும் பெரும்பாலும் நைலோன் துணிதான். பொலியெஸ்டரிலும் நன்மை உண்டு. வெயிலில் நைலோன் அளவுக்குச் சீக்கிரம் நைந்துபோகாது, தண்ணீரையும் குறைவாகவே உறிஞ்சும், விலையும் குறைவு. தினசரி கடைக்கும் பஸ்ஸுக்கும் நல்ல தையலுள்ள பொலியெஸ்டர் பை போதும். கல்லிலும் முள்ளிலும் உரசும் நடைப்பயணம் என்றால் நைலோன் பார்ப்பது நல்லது.

எங்கள் பக்கத்தில் இன்னொரு பிரச்சினை ஈரம். கினிகத்தேனை, லக்ஷபான, நோட்டன் பகுதி இலங்கையில் மழை அதிகம் பெய்யும் இடங்களில் ஒன்று. 1969 இல் இயங்கத் தொடங்கிய பொல்பிட்டிய மின்நிலையம் உட்பட இத்தனை நீர்மின் நிலையங்கள் இங்கே வந்ததே அதனால்தான். பையின் உட்பக்கத்தில் பூசியிருக்கும் பொலியுரேத்தேன் பூச்சு ஈரக் காற்றில் நாளடைவில் சிதைந்து ஒட்டும் பிசினாகி, பிறகு செதில் செதிலாக உரிந்துவிடும். அலுமாரியில் மடித்து வைத்த பையும் இப்படிப் போவதுண்டு. ஆகவே நனைந்த பையை நிழலில், சிப்பெல்லாம் திறந்துவிட்டு முழுவதும் காயவைத்துத்தான் எடுத்து வைக்க வேண்டும். கடையில் பழைய ஸ்டொக் வாங்குகிறவர்கள் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள், ஒட்டினால் வேண்டாம்.

'வாட்டர் புரூஃப்' என்று அட்டையில் இருந்தால் அப்படியே நம்பிவிட வேண்டாம். துணி தண்ணீரைத் தடுத்தாலும் ஊசித் துளையும் சிப்பும் தடுக்காது. மழையுறை போடலாம், ஆனால் முதுகுப் பக்கமாக வழியும் தண்ணீரை அதுவும் மறிக்காது. நான் செய்வது உள்ளே ஒரு தடித்த பொலித்தீன் உறை போட்டு அதற்குள் சாமானை வைப்பது. கொழும்புக்குப் போகும்போது பில் கொப்பி இன்றுவரை நனைந்ததில்லை.

சிப் விஷயத்தில் வியாபாரிகள் நன்றாக ஏமாறுகிறோம். பை பழுதென்று வருவதில் பெரும்பகுதி சிப்தான். அதிலும் பல்லைவிட ஓடி முதலில் தேய்கிறது. ஓடி அகன்றுவிட்டால் அதன் பின்னால் பல் சேராமல் வாய் பிளக்கும். அப்போது முழுச் சிப்பையும் மாற்றத் தேவையில்லை, ஓடியை மட்டும் தையல்காரரிடம் மாற்றிக்கொள்ளலாம். சிப்பின் அளவு 5, 8, 10 என்று இலக்கத்தில் வரும். பல் சேர்ந்த பிறகு ஏறக்குறைய அத்தனை மில்லிமீற்றர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வாய்க்கு 8 அல்லது 10, சிறிய பொக்கெட்டுக்கு 5. என் 48 பைகளில் பெரிய வாய்க்கும் 5 தான் போட்டிருந்தார்கள். 1934 இல் ஜப்பானில் தொடங்கிய வை.கே.கே. கம்பனியின் சிப்பை உலகம் முழுவதும் நம்புகிறார்கள். அதனாலேயே அந்த மூன்று எழுத்தைப் போலியாகக் குத்தியும் விற்கிறார்கள். எழுத்தைப் பார்ப்பதோடு நில்லாமல், வளைவில் ஓடியை இருபது தடவை இழுத்துப் பாருங்கள். சிக்கினால் அது என்ன எழுத்தாக இருந்தும் பயனில்லை.

அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பகல் நடைக்கு 20 முதல் 25 லீற்றர், இரண்டு நாள் பயணத்துக்கு 30. இதற்கு மேல் வாங்கினால் இடம் இருக்கிறதே என்று நிரப்பத்தான் செய்வோம். உம்ராவுக்கோ சென்னைக்கோ போகிறவர்கள் வெறும் பையின் நிறையையும் பார்க்க வேண்டும். கைப்பைக்கு 7 கிலோதான் என்று சொல்லும் விமானத்தில் 2 கிலோ பையைக் கொண்டுபோனால் மிஞ்சுவது 5. சுமை எட்டுப் பத்துக் கிலோவுக்கு மேல் போகுமானால் இடுப்புப் பட்டி வேண்டும், பாரம் தோளை விட்டு இடுப்புக்கு இறங்கும். அலங்காரத்துக்கு வைத்த மெல்லிய நாடாவால் அது நடக்காது. சுமை எந்த எலும்பில் இறங்குகிறது என்பது நம் மலையகத்துப் பெண்களுக்குத் தெரியும். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் சுமந்தவர்கள் அவர்கள். அந்தக் கூடையைச் சுமந்த கழுத்துகளின் வலியும் அவர்களுக்குத்தான் தெரியும்.

கடையில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. பத்துக் கிலோ அரிசியைப் பைக்குள் வைத்து, ஒரே ஒரு தோள்பட்டியைப் பிடித்துத் தூக்கி நான்கைந்து தடவை உலுக்குங்கள். தையல் வாய் திறந்து வெள்ளையாக நூல் தெரிந்தால் அந்த இடம்தான் முதலில் போகும். மொத்த வியாபாரி இதற்கு முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

விலையைக் கேட்டுத்தான் ஆட்கள் பின்வாங்குகிறார்கள். 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை போன பிறகு நல்ல பையின் விலை நம் ஆட்களின் கைக்கு எட்டாமல் போனது உண்மை. ஆனாலும் கணக்கைப் பாருங்கள். 2,600 ரூபாப் பை எட்டு மாதம் உழைத்தால் மாதத்துக்கு 325 ரூபா. 6,500 ரூபாப் பை நான்கு வருடம் உழைத்தால் மாதத்துக்கு 135 ரூபா. தோட்டத்துச் சம்பளக்காரரிடம் 6,500 ரூபா ஒரே தடவையில் இருக்காது. ஆகவே மூன்று மாதத் தவணைக்குக் கொடுக்கிறேன், விலையைக் கூட்டாமல்.

மீதி 31 பைகளுக்கு வருகிறேன். மொத்தக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. "சீசன்ல எல்லாரும் இதத்தானே விக்கிறாங்க" என்றார். பேசாமல் விற்றுவிடலாம் என்ற எண்ணம் எனக்கும் வராமல் இல்லை, ஐம்பதாயிரத்துக்கு மேல் முடங்கிய காசு. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கேட்ட சம்பவம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம். மேசையில் அறுந்த பட்டியோடு அந்தப் பை கிடந்தபோதுதான் அது என் குவியல் என்று விளங்கியது.

கினிகத்தேனையில் முன்பு கார்மென்டில் வேலை செய்த ஒரு சகோதரி தையல் கடை வைத்திருக்கிறார். பை ஒன்றுக்கு 150 ரூபா கூலி பேசினோம். பட்டியின் நுனிகளைப் பிரித்து, உள்ளே நாடா வைத்து, சதுரமாகவும் குறுக்காகவும் தைத்துத் தந்தார். சிப்பை மாற்றினால் கட்டாது, விட்டுவிட்டோம். "பட்டி திருத்தித் தைத்தது, சிப் சிறியது, பாரத்துக்கு உகந்ததல்ல, பாடசாலைக்குப் போதும்" என்று சொல்லி 2,200 ரூபாவுக்கு விற்றேன். பெரிய இலாபம் இல்லை, முதலுக்கும் மோசமில்லை. ஐந்து மாதத்தில் முடிந்தது.

முதலில் விற்ற 17 இல் அந்தத் தம்பியுடையது ஒன்று. கடன் கொப்பியில் பெயர் இருந்தவர்களுக்குச் சொல்லியனுப்பி இன்னும் 8 பைகளைத் தைத்துக் கொடுத்தேன். மற்ற 8 ம் காசுக்கு வாங்கி மலைக்குப் போனவர்களுடையவை. ஆட்கள் யாரென்று தெரியாது. கடை வாசலில் சிங்களத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன், அந்தப் பையைக் கொண்டுவந்தால் இலவசமாகத் தைத்துத் தரப்படும் என்று. கடந்த சீசனில் அவிசாவளைப் பக்கத்து ஐயா ஒருவர் ஒன்றைக் கொண்டுவந்தார். ஏழு பை இன்னும் வெளியில் இருக்கிறது.