விலகுவதும் ஒரு கணக்கே!

ரம்மி ஆட்டத்தில் தேர்ந்தவர், சில சமயம் ஒரு சீட்டுகூட எடுக்காமல் கையிலுள்ள 13 சீட்டுகளையும் கவிழ்த்துவிடுவார். இதற்கு ‘ஸ்கூட்’ என்று பெயர். பயந்துவிட்டார் என்று நினைக்கிறீர்களா? காசு வைக்காமல், கணக்கை மட்டும் வைத்துப் பார்ப்போம்.

வழக்கமான விதிப்படி, முதலிலேயே விலகினால் 20 புள்ளி. ஆடித் தோற்றால் 80 வரை ஏறும். வென்றவருக்குப் பூஜ்யம். குறைந்த புள்ளி எடுத்தவரே கெட்டிக்காரர்.

ஜோக்கர் இல்லை, ஒன்றோடொன்று சேரும் சீட்டும் இல்லை. இப்படிப்பட்ட கையோடு ஆடித் தோற்றால் சராசரியாக 60 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். மூன்று முறை விலகினால் மொத்தம் 60. மூன்று முறையும் ஆடி, ஒரு முறை வென்றாலும் 120! மூன்றில் இரண்டு முறை வென்றால்தான் கணக்கு சமமாகும். மோசமான கையில் அது நடக்குமா?

தஞ்சை உழவர்களுக்கும் இந்தக் கணக்குத் தெரியும். குறுவைக்காக மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை அந்த நாளில் திறக்கவில்லை. ஆற்றுநீரை மட்டுமே நம்பிய பலர் குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவுக்குக் காத்திருந்தார்கள். ஒரு போகம் போவது வேதனைதான். ஆனால் உழவு, விதை, உரம் எல்லாம் போட்டபின் பயிர் கருகினால் இழப்பு இன்னும் பெரிது.

சராசரித் தோல்வி 40 புள்ளி என்றால், பத்து ஆட்டத்தில் எத்தனை வெல்ல வேண்டும்? நீங்களே கண்டுபிடியுங்கள்!