தானுந்து ஒளிப்படவியலில் ஒளி

தானுந்தை ஒளிப்படம் எடுப்பதில் ஒளியைக் கையாளும் முறை, மனிதரையோ நிலக்காட்சியையோ படம் எடுக்கும் முறையிலிருந்து வேறுபட்டது ஆகும். தானுந்தின் மெருகேறிய பூச்சு, வளைந்த ஆடியைப் போலச் சுற்றுப்புறத்தை எதிரொளிக்கிறது. எனவே, அதன் மீது எவ்வளவு ஒளி விழுகிறது என்பதைவிட, அதில் எது எதிரொளித்துத் தெரிகிறது என்பதே முதன்மையானது.

எதிரொளிப்பு

படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்பது ஒளியியலின் அடிப்படை விதி. இதன்படி, ஒளிப்படக்கருவியை நேராக நோக்கும் கதவு, கருவியின் பின்புறம் உள்ளவற்றைக் காட்டுகிறது; மேற்கூரை வானத்தைக் காட்டுகிறது. சிறிய விளக்கு பூச்சில் ஒரு புள்ளியாகவே தெரியும். பரந்த ஒளிமூலம் நீண்ட பட்டையாகத் தெரியும். அப்பட்டையின் விளிம்பு வாகனத்தின் வளைவுகளையொட்டிச் செல்வதால் வடிவம் புலப்படுகிறது. கறுப்பு நிறத் தானுந்தின் வடிவம் பெரும்பாலும் எதிரொளிப்பினாலேயே வெளிப்படும். வெள்ளை நிறத்தில் நிழலுக்கும் பங்கு உண்டு.

இயற்கை ஒளி

நண்பகல் வெயில் கூசும் புள்ளிகளையும் கடும் நிழல்களையும் உண்டாக்குவதால் பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. கதிரவன் மறைந்த பின் வானமே ஒரு பெரிய ஒளிமூலமாகிறது. மேற்கு அடிவானம் ஒளிப்படக் கலைஞரின் முதுகுப்புறம் இருந்தால், அதன் வெளிச்சம் வாகனத்தின் பக்கவாட்டில் படிப்படியாக மங்கும் பட்டையாகப் பதிகிறது. அப்போது வெளிச்சம் குறைவு என்பதால் ஷட்டர் சில நொடிகள் திறந்திருக்க நேரிடும்; முக்காலி இன்றியமையாதது. மரங்களும் மின்கம்பங்களும் கதவில் கோடுகளாகத் தெரியும் என்பதால் திறந்தவெளி விரும்பப்படுகிறது.

செயற்கை ஒளி

படப்பிடிப்புக் கூடங்களில், வாகனத்தைவிட நீளமான வெள்ளைப் பலகை அதன் மேலே தொங்கவிடப்பட்டு, அதன் மீது விளக்கொளி பாய்ச்சப்படுகிறது. இவ்வசதி இல்லாதோர், இருளில் ஷட்டரைத் திறந்து வைத்து, குழல்விளக்கு ஒன்றை வாகனத்தின் நெடுகிலும் நகர்த்தி அதே விளைவைப் பெறலாம். இம்முறை ஒளித்தீட்டல் எனப்படுகிறது.

முனைவாக்க வடிகட்டி

கண்ணாடியிலும் பூச்சிலும் சாய்வாகப் பட்டு எதிரொளிக்கும் ஒளியின் அதிர்வுகள் பெருமளவு ஒரே தளத்தில் அமைகின்றன. முனைவாக்க வடிகட்டியைச் சுழற்றி அதனைக் குறைக்கலாம். செங்குத்திலிருந்து ஏறத்தாழ 56 பாகைக் கோணத்தில் கண்ணாடியின் எதிரொளிப்பை ஏறக்குறைய முழுமையாக நீக்கலாம். வெற்று உலோகப் பகுதிகளில் இவ்விளைவு மிகக் குறைவு. எதிரொளிப்பை முழுதும் நீக்கினால் வாகனம் தட்டையாகத் தோன்றும் என்பதால் அளவறிந்து பயன்படுத்த வேண்டும். முனைவாக்கத் தகட்டை உருவாக்கிய எட்வின் லாண்ட், எதிர்வரும் தானுந்துகளின் முகப்பு விளக்குக் கூச்சத்தைக் குறைப்பதையும் அதன் பயன்களில் ஒன்றாகக் கருதினார்.

குறைகள் வெளிப்படுதல்

மென்மையான, பரவலான ஒளி சிறு நெளிவுகளை மறைத்துவிடக்கூடும். மாறாக, நேர்கோடான குழல்விளக்கின் எதிரொளிப்பு, நெளிவு உள்ள இடத்தில் வளைந்தோ முறிந்தோ தெரியும். நெளிவு நீக்கும் பணியாளர்கள் கோடிட்ட விளக்குப் பலகைகளைப் பயன்படுத்துவது இதனாலேயே. ஆகவே, பழைய தானுந்தைப் படத்தை மட்டும் பார்த்து மதிப்பிடுபவர், அது எத்தகைய ஒளியில் எடுக்கப்பட்டது என்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும்.