பாரிசில் முதல் சொல் "போன்ழூர்!"

புதிதாகப் போகிறவர்கள் ஏமாறும் இடங்கள்

பாரிஸ் நகரத்தில் ஒரு ரொட்டிக் கடை. வெளிநாட்டுப் பயணி ஒருவர் உள்ளே நுழைகிறார். கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் ரொட்டியை விரலால் காட்டுகிறார். "அதில் ஒன்று. விலை என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறார்.

கடைக்காரப் பெண் ரொட்டியை எடுக்கவில்லை. அவரை ஒரு முறை பார்க்கிறாள். பிறகு, "போன்ழூர்!" என்று அழுத்தமாகச் சொல்கிறாள். பயணிக்கு ஒன்றும் புரியவில்லை. ஊர் திரும்பியதும், "பாரிஸ்காரர்களுக்குத் தலைக்கனம்!" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தவறு யாருடையது? பயணியுடையதுதான்!

"போன்ழூர்" என்றால் "நல்ல நாள்" என்று பொருள். நம்முடைய "வணக்கம்" போன்றது. நம் ஊர் மளிகைக் கடையில், "அரைக் கிலோ துவரம்பருப்பு" என்று கேட்டால் போதும். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பாரிசில் அப்படி இல்லை. அங்கே கடைக்குள் நுழைவது, ஒருவர் வீட்டுக்குள் நுழைவது மாதிரி. வாசலில் காலை வைத்ததும் வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாதவர் மரியாதை தெரியாதவர்!

கடையில் மட்டும் அல்ல. பஸ் டிரைவருக்குச் சொல்ல வேண்டும். டிக்கெட் கவுண்ட்டரில் சொல்ல வேண்டும். வழி கேட்பதற்கு முன்பும் சொல்ல வேண்டும். மாலை நேரமானால் "போன்சுவார்". புறப்படும்போது "ஓ ருவார்". புதுச்சேரிப் பெரியவர்களுக்கு இந்தச் சொற்கள் புதியவை அல்ல.

இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் பேசினால், முறைத்த அதே முகம் மலரும். தெரிந்த அளவு ஆங்கிலத்தில் பதிலும் கிடைக்கும். செலவு இல்லாத மருந்து இது!

ஓட்டல் எது? ஆஸ்பத்திரி எது?

அடுத்த குழப்பம், "ஓட்டல்" என்ற சொல். பாரிசின் நடுவில் அரண்மனை போல ஒரு கட்டடம் நிற்கிறது. பெயர் "ஓத்தல் து வீல்". பெயர்ப் பலகையில் "ஓட்டல்" என்ற எழுத்துக்களைப் பார்த்து, அறை கிடைக்குமா என்று கேட்கப் போகக்கூடாது. அது நகரசபைக் கட்டடம்! நோத்ர தாம் தேவாலயத்தின் பக்கத்தில் "ஓத்தல் தியே" இருக்கிறது. அது ஆஸ்பத்திரி. "ஓத்தல் தே சான்வலித்" என்ற இடத்திலோ, நெப்போலியன் சக்கரவர்த்தியின் கல்லறை இருக்கிறது! பிரெஞ்சு மொழியில் பெரிய மாளிகைக்கும் "ஓத்தல்" என்றுதான் பெயர்.

உண்மையான ஓட்டலில் அறை எடுப்பதிலும் ஏமாற இடம் உண்டு. "பாரிஸ் ஓட்டல், வாடகை மலிவு" என்று விளம்பரம் வரும். போய்ப் பார்த்தால் அது வெளியூராக இருக்கும். தினமும் ரயிலில் வந்து போக வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பாரிஸ் நகரம் 20 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நடுவில் தொடங்கி, நத்தை ஓட்டைப் போல அவை சுற்றிச் சுற்றிப் போகின்றன. நகர முகவரியில் தபால் எண் 75 என்று ஆரம்பிக்கும். கடைசி இரண்டு எண்கள் வட்டாரத்தைக் காட்டும். 75005 என்றால் 5ஆம் வட்டாரம். 93, 77 என்று எண் ஆரம்பித்தால் அது பாரிஸ் அல்ல, புறநகர்.

விமான டிக்கெட் வாங்கும்போதும் இப்படித்தான். "பாரிஸ் போவே" என்று ஒரு விமான நிலையம் இருக்கிறது. பெயரில்தான் பாரிஸ். நகரத்திலிருந்து சுமார் 85 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது!

பெரிய விமான நிலையம் சார்லஸ் டி கால். அதற்குள்ளேயே வந்து, "டாக்சி வேண்டுமா?" என்று கையைப் பிடிப்பவர்கள் உண்டு. அவர்கள் பின்னால் போகக்கூடாது. வெளியே டாக்சிக்குத் தனி வரிசை இருக்கிறது. அங்கிருந்து நகருக்கு ஒரே கட்டணம். ஸேன் நதியின் வலது கரைக்கு 56 யூரோ, இடது கரைக்கு 65 யூரோ. இது 2025இல் இருந்த கணக்கு.

ஒரு சீட்டு, ஓர் ஆள்

பாரிசின் பாதாள ரயில் 1900இல் ஓடத் தொடங்கியது. பெயர் மெட்ரோ. ஊர் சுற்ற இதைவிட நல்ல வாகனம் கிடையாது. ஆனால் குடும்பத்தோடு போகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. அப்பா ஒரு மெட்ரோ அட்டை வாங்குவார். அதில் 10 பயணத்துக்குப் பணம் போடுவார். "நாலு பேரும் இதிலேயே போய்விடலாம்" என்று நினைப்பார். நடக்காது! ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும்.

உள்ளே நுழைந்தாகிவிட்டதே என்று சீட்டை எறிந்துவிடவும் கூடாது. வெளியே போகும் வழியில்கூடப் பரிசோதகர்கள் நிற்பார்கள். சீட்டு இல்லை என்றால் அபராதம்தான். "வெளிநாட்டுக்காரர், பாவம்" என்ற இரக்கம் எல்லாம் அங்கே கிடையாது. இன்னொன்று: 2025 ஜனவரியிலிருந்து மெட்ரோவுக்கு ஒரு சீட்டு, பஸ்சுக்கு வேறு சீட்டு. ஒன்றை மற்றதில் காட்ட முடியாது.

சில தடங்களில் பழைய வண்டிகள் ஓடுகின்றன. அவற்றின் கதவு தானாகத் திறக்காது. கைப்பிடியைத் தூக்க வேண்டும். இது தெரியாமல் கதவின் முன்னால் காத்து நின்று, இறங்க வேண்டிய நிலையத்தைக் கோட்டை விடுகிறவர்கள் பலர்!

மோதிரம் கண்டெடுப்பவன்

இனிமேல் சொல்வது விளையாட்டு அல்ல. ஸேன் நதிக்கரையில் நடக்கும்போது, முன்னால் போகிறவன் குனிந்து எதையோ எடுப்பான். தங்க மோதிரம்! "இது உங்களுடையதா?" என்று கேட்பான். "இல்லை" என்றால், "பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் காபிக்கு மட்டும் ஏதாவது கொடுங்கள்" என்று இழுப்பான். மோதிரம் பித்தளை!

மொன்மார்த்ர் குன்றில் வெள்ளைத் தேவாலயம் ஒன்று இருக்கிறது. அதன் அடிவாரத்தில் கையில் நூலோடு சிலர் நிற்பார்கள். பேச்சுக் கொடுத்தபடியே விரலில் நூலைச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். பிறகு பணம் கேட்டு மிரட்டுவார்கள். வேறு சிலர் காகித அட்டையை நீட்டி, "ஊமைகளுக்கு உதவி, ஒரு கையெழுத்து" என்பார்கள். நீங்கள் குனிந்து கையெழுத்துப் போடும்போது, இன்னொரு கை உங்கள் பையில் இருக்கும்!

மெட்ரோவில் ஜேப்படித் திருடர்களுக்குக் கதவுதான் வசதி. கதவு மூடப்போகும் கணத்தில், அருகில் நிற்பவரின் செல்போனைப் பறித்துக்கொண்டு வெளியே குதிப்பான். கதவு மூடிவிடும். வண்டி போய்விடும்!

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட் போனால்? போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு 16ஆம் வட்டாரத்தில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு நடக்க வேண்டும். அவசரச் சான்று ஒன்று தருவார்கள். அதை வைத்து ஊருக்குத் திரும்பலாம்; அவ்வளவுதான். அடுத்து ரோம், அதற்கடுத்து வெனிஸ் என்று வாங்கி வைத்த டிக்கெட்டுகள் எல்லாம் வீண். பல வருஷச் சேமிப்பு ஒரு நிமிஷத்தில் போய்விடும்! பாஸ்போர்ட்டின் நகல் வேறொரு பையில் இருக்கட்டும். அசல், சட்டைக்குள்ளே இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை போகாதீர்கள்!

மோனாலிசா ஓவியம் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகத்துக்கும், வெர்சாய் அரண்மனைக்கும் திங்கட்கிழமை விடுமுறை. பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் ஏராளம்.

லூவருக்கு நாளும் நேரமும் குறித்து, இணையத்தில் முன்கூட்டியே டிக்கெட் வாங்க வேண்டும். 2026 ஜனவரியிலிருந்து நம்மைப் போல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து போகிறவர்களுக்குக் கட்டணம் 32 யூரோவாக உயர்ந்துவிட்டது. ஆனால் 18 வயது ஆகாத பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை. இன்னொரு விஷயம்: மோனாலிசா பெரிய படம் என்று நினைத்து ஏமாறக்கூடாது. உயரம் 77 சென்டிமீட்டர், அகலம் 53 சென்டிமீட்டர். அதற்கு முன்னால் நிற்கும் கூட்டம்தான் பெரியது!

நோத்ர தாம் தேவாலயம் 2019இல் தீப்பிடித்தது. பழுது பார்த்து 2024 டிசம்பரில் திறந்தார்கள். உள்ளே போகக் கட்டணம் கிடையாது. டிக்கெட் விற்க வருகிறவனை நம்ப வேண்டாம்.

பசிக்கும் நேரம்

பகல் இரண்டு மணிக்கு மேல் சாப்பாட்டுக் கடைகள் பலவற்றில் அடுப்பு அணைந்துவிடும். இரவு ஏழு மணிக்குப் பிறகுதான் மறுபடியும் எரியும். மூன்று மணிக்குப் பசித்த பிள்ளையோடு தெருத் தெருவாக அலைவது பெரிய வேதனை. பையில் ஒரு ரொட்டி இருப்பது நல்லது.

"தண்ணீர்" என்று மட்டும் கேட்டால் புட்டித் தண்ணீர் வரும், பில்லும் ஏறும். "காராஃப் தோ" என்று கேட்டால் கூஜாவில் குழாய்த் தண்ணீர் வைப்பார்கள். அதற்குக் காசு இல்லை. தெருவிலும் பச்சை வர்ணம் பூசிய குடிநீர்க் குழாய்கள் உண்டு. நான்கு பெண் சிலைகள் கூரையைத் தாங்கி நிற்கும். ரிச்சர்டு வாலஸ் என்ற ஆங்கிலேயர் 1872இல் தம் சொந்தச் செலவில் வைத்த தர்மம் அது. தாராளமாகக் குடிக்கலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள், "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீன் வந்து நிற்கும். "மீனும் வேண்டாம்" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். காய்கறி சூப்பிலும் எலும்புச் சாறு இருக்கலாம். கேட்டுவிட்டுச் சாப்பிடுவதே மேல்.

அதுவும் முடியவில்லையா? "கார் து நோர்" ரயில் நிலையத்துக்கு மெட்ரோவில் போய் இறங்கலாம். அங்கிருந்து "லா ஷப்பேல்" பக்கமாக நடந்தால், தமிழ்ப் பெயர்ப் பலகைகள் வரிசையாகத் தெரியும்! இலங்கைத் தமிழர்கள் நடத்தும் கடைகள். இட்டிலி, தோசை கிடைக்கும். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கும். பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் கோவில் இருக்கிறது, 1985இல் தொடங்கியது. பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டி அங்கே தேர் இழுக்கிறார்கள். நடுத் தெருவில் தேங்காய் மலை போல் குவியும். உடைக்கும் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஆகஸ்டு கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ போக வேண்டும். ஆனால் ஒன்று: ஆகஸ்டு மாதத்தில் பாரிஸ்காரர்கள் பலர் கடையைப் பூட்டிவிட்டு விடுமுறைக்குப் போய்விடுவார்கள். ரொட்டிக் கடை திறந்திருக்கிறதா என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.