ஸ்லோ குக்கரில் ராஜ்மா: முதலில் அடுப்பில் கொதிக்கட்டும்

சென்ற ரமளானில் ஒரு நாள் காலை ஏழு மணி வாக்கில் எங்கள் மஹல்லா சகோதரர் ஒருவர் போன் செய்தார். ஜித்தாவில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய சபுராளி. "ஹஜ்ரத், சஹர் சாப்பிட்டதிலிருந்து வீட்டில் நாலு பேருக்கும் வாந்தி. நோன்பு இருக்கா, போயிடுச்சா?" என்றார்.

தானாக வரும் வாந்தியால் நோன்பு முறியாது. வேண்டுமென்றே வரவழைத்தால்தான் முறியும். உடல் தாங்காதவர்கள் நோன்பை விட்டுவிட்டுப் பிறகு களா செய்துகொள்ளலாம். இதைச் சொல்லிவிட்டு, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஜித்தாவிலிருந்து கொண்டுவந்த ஸ்லோ குக்கரில், ஊறவைத்த சிவப்பு ராஜ்மாவை இரவு அப்படியே போட்டு 'லோ'வில் வைத்திருக்கிறார்கள். சஹருக்கு எழுந்து பார்த்தால் அரைவேக்காடு. வீணாக்க மனமில்லாமல் சாப்பிட்டுவிட்டார்கள். மாலைக்குள் எல்லோரும் தேறிவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

கெட்டுப்போன பயறா என்றால் இல்லை. ராஜ்மாவில் இயற்கையாகவே லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நஞ்சு இருக்கிறது. சிவப்பு ராஜ்மாவில் அது மிக அதிகம். பச்சையாக நாலைந்து விதை சாப்பிட்டாலே போதும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் குமட்டலும் வாந்தியும், பின் வயிற்றுப்போக்கும் வரும். தளதளவென்று கொதிக்கும் நீரில்தான் அது அழியும். ஸ்லோ குக்கரில் பல நேரங்களில் உள்ளே இருக்கும் உணவு 75, 80 டிகிரியைத் தாண்டுவதில்லை. அந்தச் சூட்டில் நஞ்சு அழியாதது மட்டுமல்ல, பச்சை விதையில் இருப்பதைவிடப் பல மடங்கு வீரியமாகவும் ஆகலாம். எட்டு மணி நேரம் வைத்தோமே என்று நம்பிவிடக் கூடாது.

அதற்காக ஸ்லோ குக்கரைப் பரண்மேல் போட வேண்டியதில்லை. கறி விற்கும் விலையில், ஒரு கப் ராஜ்மா ஊறி வெந்தால் இரண்டரை கப் ஆகி நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வேளை ஆணமாகிவிடும். 'லோ'வில் ஓர் இரவுக்குச் செலவாகும் மின்சாரமும் ஒன்று, ஒன்றரை யூனிட்தான்.

லுஹர் தொழுதுவிட்டு ஊறப்போடுங்கள். ஐந்து மணி நேரமாவது ஊற வேண்டும். தராவீஹ் முடிந்து வந்ததும் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் நன்றாகக் கொதிக்க விடுங்கள். பத்து நிமிடத்தில் நஞ்சு அழிந்துவிடும் என்றாலும், முப்பது நிமிடம் கொதிக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் பரிந்துரை. நம் வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடுவது, முப்பதே இருக்கட்டும். அந்தத் தண்ணீரையும் வடித்துவிட்டு ஸ்லோ குக்கரில் போட்டு, பயறுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி வெந்நீர் ஊற்றி, வெங்காயம், இஞ்சி பூண்டு, இருந்தால் இரண்டு எலும்புத் துண்டும் சேர்த்து 'லோ'வில் வைத்துவிட்டுத் தூங்கலாம். சஹருக்குப் பூப்போல வெந்திருக்கும்.

தக்காளி, புளி, தயிர் எதையும் முதலில் போடாதீர்கள். புளிப்பு பட்டால் தோல் இளகாது. வெந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம். உப்பு அப்படியல்ல. ஊறும் தண்ணீரிலேயே கொஞ்சம் போட்டால் தோல் மெத்தென்று ஆகும், நம் பெரியவர்கள் சொன்னதற்கு இது நேர்மாறாக இருந்தாலும். எவ்வளவு வேகவைத்தும் கல்லாகவே இருந்தால் பயறு பழையது, கடையை மாற்றுங்கள்.

கொண்டைக்கடலைக்கும் காராமணிக்கும் இவ்வளவு கவலை தேவையில்லை, ஊறவைத்தால் போதும். மொச்சையை மட்டும் ராஜ்மாவைப் போலவே கொதிக்க வைத்து, தண்ணீரை வடித்துப் போடுவது நல்லது. டின்னில் வரும் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது.

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு ஃபூல் நினைவுக்கு வரும். எகிப்தியர்கள் குறுகிய கழுத்துள்ள பானையில் இரவு முழுக்கத் தணலில் வைத்துக் காலையில் பரிமாறும் பயறு அது. அதுவும் இரவெல்லாம் வேகிறதே என்று கேட்கலாம். ஆனால் அது வேறு பயறு, ராஜ்மாவின் கணக்கு அதற்குப் பொருந்தாது. அதற்கு வேறொரு எச்சரிக்கை உண்டு: ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கு அது ஆகாது, ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். பிள்ளைகளில் யாருக்காவது அந்தக் குறைபாடு இருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தால் ஃபூல் பக்கமே போக வேண்டாம்.

இன்னொன்று, நம் ஊர் கரண்ட். இரவில் எப்போது போனது, எப்போது வந்தது என்று தெரியாமல் பாத்திரம் ஆறிக் கிடந்தால், மறுபடி சூடாக்கிச் சாப்பிடாமல் கொட்டிவிடுங்கள். அன்று சஹருக்குப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் போதும்.